செல்வமேரியின் வெறுங்கை நடை

கரடியூர் ரோட்டில் யாரும் சும்மா நடப்பதில்லை. தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் குடம், தோளில் காப்பி மூட்டை, ஒன்றுமே இல்லையென்றால் கையில் ஒரு வாழைப்பூவாவது இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு ஒருவர் வேகமாகப் போகிறார் என்றால் அந்தச் சரிவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஓர் உயிர் போயிருக்கிறது, இவர் எழவு சொல்லப் போகிறார். எழவு சொல்லப் போகிறவர் கையில் எதையும் எடுக்கக் கூடாது, வழியில் ஒரு வீட்டிலும் உட்காரக் கூடாது, தாகமெடுத்தாலும் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் வேறு எதில் சண்டை போட்டுக்கொண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி.

இது செல்வமேரிக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அவளுக்குத் தன் கால்களைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

செல்வமேரி வாழ்நாள் முழுக்க மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்தவள். விடியுமுன் மேடு ஏறுவாள், விளக்கு வைத்தபின் இறங்குவாள். நடுவில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கரண்டியால் அண்டாவைத் தட்டி, "ஏன்டா சாமி, இப்பத்தான தின்னுட்டுப் போன? அது வவுறா, தண்ணித் தொட்டியா?" என்று அவள் கேட்கிற கேள்வியை, அவளைப் போலவே மூக்கை உறிஞ்சிக் கேட்கத் தெரியாத பையன் அந்த விடுதியில் கிடையாது. கேட்டுவிட்டுக் கூட ஒரு கரண்டி போடுவாள் என்பதால் அவர்கள் அடிக்கடி அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவளுக்கு மாலை போட்டு, போட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் ஜேசுதாஸ் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில் கிடப்பான். அவன், "அம்மா, நீ நின்னது போதும். இனிமே குந்துனா எந்திரிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டான். மருமகள் ஜெயகுமாரி எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவாள். செல்வமேரி குந்தினாள். காலையில் குந்தி, மத்தியானம் குந்தி, பொழுது சாய்கிறவரை குந்தி, இடையிடையே தாகம் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மலையில் அந்தக் குளிரில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் அக்கா சாந்தாமேரி போய்ச் சேர்ந்தாள். அடுப்பிலிருந்து தெறித்த ஒரு கங்கு; அதை மிதித்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாள். முதலில் விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள், பாதம் கறுத்தது. பாதத்தை எடுத்தார்கள், முழங்காலுக்குக் கீழே கறுத்தது. சேலத்துக்கு பஸ்ஸில் உட்கார்ந்து போனவள் திரும்பி வரும்போது படுத்து வந்தாள். பெட்டி செய்கிறவரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சாந்தாமேரியின் இரண்டு காலுக்கும் இடம் விட்டே செய்துவிட்டார். கல்லறையில் பெட்டியை இறக்கும்போது, உள்ளே ஒரு பக்கம் காலியாக இருந்ததால் அது சாய்ந்து சாய்ந்து போனது. செல்வமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அதே கணுக்கால், அதே அகலமான பாதம். ஒரே தாய் பெற்றது. அந்தத் தாயும் கடைசி வருஷத்தில் இப்படித்தான் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள்.

மறுவாரமே மருந்தகத்துக்குப் போனாள். அங்கே நர்ஸ் தேவகுமாரி, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் இவள் கொடுத்த சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். நீலம் மெதுவாக மாறியது.

"பச்சைங்க பெரியம்மா."

"பச்சைன்னா நல்லதா கண்ணு?"

"நீலமாவே நின்னா நல்லதுங்க. பச்சைன்னா சர்க்கரை எட்டிப் பாக்குதுன்னு அர்த்தம். அப்பறம் மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில செங்கல்."

"எங்கக்காளுக்கு?"

தேவகுமாரி குழாயைக் கழுவப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அவங்க மொத மொதல்ல வந்தப்பவே செங்கல்லுங்க."

இனிப்பு வேண்டாம், சோற்றைக் குறையுங்கள், சாப்பிட்டபின் நடங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்றெல்லாம் சொல்லி அனுப்பினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. செல்வமேரி ஓடி ஏறினாள். சொன்னதில் ஒன்றுதான் அவளோடு பஸ் ஏறியது: நடக்க வேண்டும். நடக்கிறவரைதான் கால்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பினாள். வெள்ளைச் சீலை, ஜேசுதாஸ் வாங்கித் தந்த டயர் செருப்பு, இரண்டு வெறுங்கை. மெதுவாக நடக்க அவளுக்குத் தெரியாது. அண்டா கொதிக்கிறபோது நடக்கிற நடைதான் தெரியும். முதல் வளைவில் டீக்கடை பழனிசாமி. டீயை உயரத்திலிருந்து ஆற்றிக்கொண்டிருந்தவன் இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"ஏனுங்கக்கா... ஆரு?"

"ஆருமில்லப்பா."

"ஆருமில்லாமயா இந்த ஓட்டம்? சொல்லுங்க, மனசைத் தேத்திக்கறேன்."

"சும்மா நடக்கறேன்டா!"

"சும்மாவா?" பழனிசாமி கடையில் இருந்தவர்களைப் பார்த்தான். "பாவம், அக்கா போன துக்கத்துல புத்தி கலங்கிப் போச்சு. எளவு சொல்ல வந்தவங்களுக்கு ஆரு எளவுன்னே மறந்துருச்சு."

அடுத்த வளைவில் வெள்ளையம்மாள் வீடு. அவளுடைய தம்பி செம்மநத்தத்தில் காய்ச்சலில் கிடந்தான். செல்வமேரி வெறுங்கையோடு வருவதைக் கண்ட வெள்ளையம்மாள் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள், கொண்டையை அவிழ்த்தாள், "என்ற பொறந்தவனே... ஒத்த வாய்க் கஞ்சி குடிக்காமப் போனியே..." என்று ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் தம்பி செம்மநத்தத்தில் காய்ச்சல் விட்டு ராகிக் களி தின்றுகொண்டிருந்தான். மறுநாள் அவனே மேடேறி வந்து செல்வமேரி வாசலில் நின்றான். "ஏனுங்கம்மா, நான் எப்பச் செத்தேன்னு சொன்னீங்கன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்."

ஊர் சிரித்தது. செல்வமேரியால் சிரிக்க முடியவில்லை. வெறுங்கைதானே வம்பு என்று அடுத்த தடவை ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் தகரச் சத்தம். திரும்பினால், டின்னும் கையுமாகப் பாதித் தெரு வந்துகொண்டிருந்தது. "ரேஷன்ல எண்ணெய் வந்துருச்சாமே, சொல்லாமப் போறீங்களே!" வராத எண்ணெய்க்கு வரிசை நின்றவர்கள் அத்தனை பேரும் திட்டியது அவளைத்தான்.

ஆகவே அவள் பகலை விட்டாள். மார்கழிப் பனியில் மலை சீக்கிரம் கதவைச் சாத்திவிடும். ஊர் அடங்கியதும், ராச்சோறு தின்று கை கழுவியதும் கிளம்பினாள்.

"அத்தை, இந்தப் பனியில எங்கீங்க?" என்றாள் ஜெயகுமாரி.

"வவுத்துல வாயு. ரெண்டு எட்டு வெச்சுட்டு வந்தர்றேன், நீ படு."

"ரெண்டு எட்டுன்னா வாசல்லயே வெக்கலாமுங்களே. காட்டெருமை சுத்துதுன்னு எஸ்டேட் ரைட்டர் சொன்னாரு."

"காட்டெருமைக்கு என்ன வேலை எங்கிட்ட? அதுக்கென்ன சக்கரையா, நடக்கறதுக்கு?"

இருட்டில் யாரும் யார் செத்தது என்று கேட்கவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டுகிற சத்தம், கீழே அடிவாரத்திலிருந்து ஏறி வருகிற லாரி எங்கோ ஒரு வளைவில் முனகுகிற சத்தம், இவள் செருப்புச் சத்தம். அவ்வளவுதான். பயம் பின்னாலிருந்து தள்ளியது. காட்டெருமைப் பயம் இல்லை, அந்தச் சாய்ந்த பெட்டியின் பயம். வேர்த்து விறுவிறுத்துத் திரும்புவாள். படுத்தால் நெஞ்சு, காப்பிப் பழம் அரைக்கிற மெஷின் மாதிரி ஓடும். உடம்பு, விடுதி அடுப்பைப் பற்றவைத்துவிட்ட காலை நேரம் என்று நினைத்துக்கொண்டுவிட்டது போல. அடுத்து அரிசி களைய வேண்டியதுதான் பாக்கி. தூக்கம் கோழி கூவுகிறபோது வந்து, ஜெயகுமாரி பாத்திரம் உருட்டுகிறபோது போய்விடும். பகலெல்லாம் கண் சொருகும். சொருகாமல் இருக்க வெல்லம் போட்ட காப்பி. கொஞ்ச நேரத்தில் பசி, திரும்பக் காப்பி.

பொங்கல் கழிந்து மருந்தகத்துக்குப் போனாள். குழாயில் நீலம் பச்சையாகி, பச்சையிலும் நிற்காமல் மஞ்சளாகியது.

"நடக்கறீங்களா பெரியம்மா?"

"என்ன கண்ணு இப்பிடிக் கேட்டுட்ட? நாய்கூட அவ்வளவு நடக்காது!"

"தூக்கம்?"

"ம்... அது வருது."

எந்த நேரத்தில் நடக்கிறீர்கள் என்று தேவகுமாரி கேட்கவில்லை. நடை என்றால் பகலில்தான் நடப்பார்கள் என்று அவள் நினைத்தாள். செல்வமேரியும் சொல்லவில்லை. இருட்டில் திருடியைப் போல நடக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அண்டாவில் உப்புப் போதாவிட்டால் இன்னொரு கை போடுவதுதானே வழக்கம். அவள் இன்னொரு கை போட்டாள். இன்னும் நேரம் கழித்து, இன்னும் தூரம். வெள்ளையம்மாள் வீட்டு வளைவைத் தாண்டி, செம்மநத்தத்துக்குக் குறுக்கு வழி பிரிகிற இடம்வரை.

அதன் பிறகுதான் ரோட்டில் ஏதோ நடமாடுகிறது என்ற பேச்சு கிளம்பியது.

ஒருநாள் காலை டீத்தூள் வாங்கச் செல்வமேரி பழனிசாமி கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடையில் கூட்டம். நடுவில் சித்தன் நின்றுகொண்டிருந்தான். செம்மநத்தம் சரிவில் ராகி போடுகிறவன். காட்டுப்பன்றி மேயாமல் காவலுக்குக் குடிசையில் படுப்பவன். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏனுங்கம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றான் இவளைப் பார்த்து. "உங்கக்கா வந்துட்டாங்க."

"எங்கடா வந்தா?"

"ரோட்டு மேலதான். என்ற கண்ணால பாத்தனுங்க. வெள்ளைச் சீலை. மூஞ்சி அச்சு அசலா அவிங்கதான். கையில ஒண்ணுமில்ல. அவிங்க எளவை அவிங்களே சொல்லப் போறாப்ல போறாங்க."

பழனிசாமி கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "காலு?" என்றான். "அதானப்பா முக்கியம். ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் இருந்துச்சுங்க."

"பாரு, மேல போனா எல்லாம் திரும்பக் குடுத்தர்றாங்க."

செல்வமேரிக்கு உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கியது. அட மடப் பசங்களா, அது நான்டா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்தன் தலையை ஆட்டினான்.

"சிரிக்காதீங்க. ரெண்டு காலும் இருந்துச்சு. ஆனா எடது காலு ஒட்ட வெச்ச காலுங்க. அது அவிங்க சொன்ன பேச்சைக் கேக்கல. இங்க பாருங்க." அவன் கடைக்குள்ளேயே நடந்து காட்டினான். வலது கால் தரையில் ஓங்கி விழுந்தது. இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. "தக்... சர்ர்ர். தக்... சர்ர்ர்."

பழனிசாமிக்கு அது போதும். கிளாஸை வைத்துவிட்டு, துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "தக்... சர்ர்ர்" என்று அவனும் இறங்கிவிட்டான். பெஞ்சே குலுங்கியது. செல்வமேரியும் சிரித்தாள். சித்தன் இருட்டில் பயந்து எதையோ பார்த்திருக்கிறான். நான் எங்கே காலை இழுக்கிறேன்? நான் நடக்கிற நடை எனக்குத் தெரியாதா?

டீத்தூள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். கடை வாசலில் புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரை. அதில் இறங்கி நடந்தாள்.

பின்னால் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக இல்லை, எல்லோரும் ஒன்றாக. என்ன ஆயிற்று என்று திரும்பினாள். பழனிசாமி முக்காட்டோடு, தூக்கிய கால் தூக்கியபடி நின்று இவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் ஓர் எட்டு வைத்தாள். இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டாள்.

தக். சர்ர்ர்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஜெயகுமாரி பழம் பறித்துத் திரும்புகிறவரை படியில் உட்கார்ந்திருந்தாள், காலைத் தொடாமல்.

"கண்ணு, இந்தக் காலைக் கொஞ்சம் பாரு. நான் பாக்க மாட்டேன்."

ஜெயகுமாரி எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். "ஏனுங்கத்தை, மெட்டி போடோணுமா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தாள். சிரிப்பு போயிற்று. உள்ளங்கால் நடுவில், பொத்தான் தைத்த மாதிரி, கறுப்பாக ஒரு வட்டம். அவள் விரலால் தொட்டாள். இரும்பு. டயர் செருப்பின் ஆணி கழன்று, தலைவரை உள்ளே போய், சுற்றிலும் தோல் மூடத் தொடங்கியிருந்தது.

"வலிக்குதுங்களா?"

"எது?"

ஜெயகுமாரி தரையைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகச் சிவப்புச் சிமெண்டில் திட்டுத் திட்டாகக் கறை. தன் கையிலும் காலிலும் ஒட்டி வந்த காப்பிப் பழச் சாறு என்று நினைத்து, தினமும் அவளேதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்தகத்தில் ஆணியை எடுத்தார்கள். எடுத்ததும் வந்த வாடையில் ஜெயகுமாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, பின் வெட்கப்பட்டுக் கையை எடுத்தாள். கண்ணாடிக் குழாய் இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. நேராகச் செங்கல்லுக்குப் போனது. டாக்டர் வந்து பார்த்தார். மருந்து எழுதினார். கறுப்பு மேலே ஏறினால் சேலத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று செல்வமேரியிடம் சொல்லாமல் ஜெயகுமாரியிடம் சொன்னார். செல்வமேரிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

டாக்டர் போனபின் தேவகுமாரி பஞ்சை நூலாகத் திரித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்குங்க பெரியம்மா. நான் தொடறப்பத் தொடறப்ப 'ம்' சொல்லோணும்."

செல்வமேரி கண்ணை மூடினாள். காத்திருந்தாள். வெளியே யாரோ குழந்தை ஊசிக்கு அழுதது. அழுகை ஓய்ந்தது. இன்னும் காத்திருந்தாள்.

"என்ன கண்ணு, இன்னும் ஆரம்பிக்கலையா?"

கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவள் பெருவிரலின் மேல் இருந்தது. ஜெயகுமாரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள்.

"இது இப்ப வந்ததில்லைங்க," என்றாள் தேவகுமாரி. "நீங்க விடுதியில நின்னு நின்னு வேலை செஞ்சப்ப அடங்கிக் கெடந்துருக்கும். உக்காந்ததும் எந்திரிச்சிருச்சு. நான் பச்சைன்னு சொன்னனே, அப்பவே காலையும் பாத்திருக்கோணும்." பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "எந்நேரம் நடந்தீங்க?" என்று கேட்டாள்.

செல்வமேரி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். எழவு, மண்ணெண்ணெய் டின், வெல்லக் காப்பி, கோழி கூவுகிறபோது வருகிற தூக்கம்.

"நடை மருந்துதானுங்க. மருந்துக்கு நேரம் இருக்குதில்ல? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆனா உங்க உடம்பைப் படுக்கற நேரத்துல ஓட்டி ஓட்டி நீங்களே எழுப்பி உட்டுட்டீங்க. தூங்காத உடம்புல சக்கரை ஏறும். ஏறுச்சுன்னு இன்னும் நேரங்கழிச்சு இன்னும் நடந்தீங்க. அதுவும் இருட்டுல, உணர்ச்சி இல்லாத காலுல." அவள் காலில் சுற்றிய கட்டுத் துணியை இறுக்கினாள். "ஆறட்டும். ஆறுனதும் பகல்ல நடங்க. மத்தியானம் சாப்புட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு, வெளிச்சத்துல, மெதுவா. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்."

"ஆறுமா கண்ணு?"

"பாக்கலாமுங்க," என்றாள் தேவகுமாரி. சாந்தாமேரியிடமும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள் என்று செல்வமேரிக்குத் தோன்றியது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க அந்தக் கால் பலகையில் கிடந்தது. ஜேசுதாஸ் லோடுக்குப் போகாமல் வீட்டிலிருந்து, தினமும் கட்டு மாற்ற அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் வந்தான். டயர் செருப்பை அவன் யாருக்கும் தெரியாமல் எரித்தான்; புகை நாற்றம் தெருவுக்கே தெரிந்தது. ஒரு விரல் போயிற்று. மற்றது, எப்படியோ, நின்றது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து பல நாள் சென்றபின் புண் மூடியது.

இப்போது செல்வமேரி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கிறாள். துணைக்கு, இப்போது அரை நாள் வேலைக்கு மட்டும் போகிற ஜெயகுமாரி. இரண்டு பேருக்கும் வெறுங்கை. முதல் நாள் வெள்ளையம்மாள் வெளியே வந்து, அடுப்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "ஆரும் சாகல. போய்ச் சோத்தைத் தின்னு," என்று ஜெயகுமாரி சத்தம் போட்டாள். ஊருக்குப் பழகிவிட்டது. பழனிசாமி மட்டும் கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் செல்வமேரிக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது. விளக்கணைத்தால் விடிகிறவரை. குழாயில் செங்கல் இறங்கி மஞ்சளாகியிருக்கிறது. பச்சைக்கு வரலாம் என்கிறாள் தேவகுமாரி. காலின் உணர்வு மட்டும் திரும்பவில்லை. இடது பாதத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்கிறாள். பார்த்தால் அது இருக்கிறது. பார்க்காவிட்டால், கணுக்காலோடு அவள் முடிந்துவிடுகிறாள்.

புரட்டாசியில் ஒருநாள் இருவரும் வளைவு தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம்தான். ஜெயகுமாரி, எஸ்டேட் ரைட்டர் மூக்கால் பேர் கூப்பிடுகிற அழகைப் பேசிக் காட்டிக்கொண்டு வந்தாள். "மாஆஆதம்மா... அத்தாஆஆயி..." செல்வமேரி தரையைப் பார்த்தபடியே சிரித்தாள். அப்போது பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. ரோட்டின் விளிம்பைத் தாண்டி, தண்ணீர் பரவுவது போலத் தரையோடு தரையாக வந்து, முழங்கால்வரை மூடிக்கொண்டது. மேலே வெயில் அப்படியே இருந்தது.

ஜெயகுமாரி பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தாள். அத்தை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாச்சுங்கத்தை?"

செல்வமேரி அசையவில்லை. கை இரண்டும் காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

"கண்ணு, கொஞ்சம் குனிஞ்சு தொட்டுப் பாரு. என்ற எடது காலு ரோட்டு மேல இருக்குதா, வெளிய இருக்குதா?"

ஜெயகுமாரி ஓடி வந்து மண்டியிட்டு, வெள்ளைக்குள் கையை விட்டுத் தேடினாள்.